வாசலுக்கு வந்த மழை

பட்டணத்து ஜனங்களுக்கும் மழைக்கும் உள்ள உறவு மிகவும் விசித்திரமானது. சித்திரை, வைகாசி மாதங்களில் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோகிறது. "ஒரு மழை பெய்யாதா?" என்று ஏங்குகிறோம். ஐப்பசி பிறந்து, கேட்ட மழை கேட்டபடியே வந்து சேர்ந்தால், இரண்டாம் நாளே, "இது எப்பொழுதுதான் விடுமோ?" என்று சலித்துக்கொள்கிறோம். துணி உலரவில்லை, பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று தெரியவில்லை, தெருவில் முழங்கால் மட்டும் ஜலம் என்று குறைகளை அடுக்குகிறோம். மொட்டை மாடியில் விழுந்த ஜலம் குழாய் வழியாகத் தெருவுக்கு ஓடி, தெருவிலிருந்து கால்வாய்க்கு ஓடி, கால்வாயிலிருந்து கடலுக்கு ஓடுவதை ஜன்னல் ஓரத்தில் நின்று, காப்பியை ருசித்துக்கொண்டே வேடிக்கை பார்க்கிறோம். அடுத்த கோடையில் தண்ணீர் லாரிக்காரருக்கு டெலிபோன் செய்து, "எப்பொழுது வரும்?" என்று கெஞ்சுகிறோம்.

சென்னை நகரத்தின் அண்மைக் கால சரித்திரத்தைப் பார்த்தால் இது விளங்கும். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரைப் பகுதிகளில் படகு விட்டு ஜனங்களைக் கரை சேர்த்தார்கள். நான்கே வருஷம் கழித்து, 2019 கோடையில், நகரத்துக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு போயின. அவ்வாண்டு ஜூலை 12-ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லக்ஷம் லிட்டர் ஜலத்தைச் சுமந்துகொண்டு ஒரு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் படகுகள் தெருவுக்கு வந்தன. ஒரே ஊருக்கு ஒரு வருஷம் படகும் இன்னொரு வருஷம் ரயிலும் தேவைப்படுகின்றன என்றால், குறை வானத்தில் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

சில வாரங்களுக்கு முன்பு இந்தப் பகுதியில் கறிவேப்பிலைச் செடியைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த சகோதரி ஒருவர், "செடி வை, கொடி வை என்று எழுதுகிறீர்களே, அதற்கு ஜலம் எங்கே இருக்கிறது? லாரித் தண்ணீரை வாங்கி மல்லிகைக்கு ஊற்றச் சொல்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. விடை சொல்லுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உபாத்தியாயர் அல்லவா? கணக்கில்லாமல் நமக்குப் பேச வராது.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். சென்னையில் ஒரு வருஷத்தில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழைக்குப் பெயர்போன லண்டன் நகரத்தில் பெய்வது சுமார் 600 மில்லிமீட்டர்தான். 1,000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். 93-ஐ 1,400-ஆல் பெருக்கினால் 1,30,000 லிட்டருக்கு மேல் வருகிறது. வெயிலில் ஆவியாவது, தளம் உறிஞ்சுவது, முதல் மழையில் கழிப்பது என்று ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினாலும் ஒரு லக்ஷம் லிட்டருக்குக் குறையாது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்காக நம் நாட்டில் வகுத்துள்ள அளவு. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 675 லிட்டர். அப்படியானால் அந்த ஒரு லக்ஷம் லிட்டர் ஏறக்குறைய ஐந்து மாதத்துக்குக் காணும். 12,000 லிட்டர் லாரியாகக் கணக்கிட்டால் எட்டு லாரிக்கு மேல். வருஷந்தோறும் எட்டு லாரி ஜலம், வாடகை கேட்காமல், காலிங் பெல்லை அடிக்காமல் நம் மாடிக்கே வந்து இறங்குகிறது. நாம் அதைத் தெருவுக்கு அனுப்பிவிடுகிறோம்.

இந்த மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையில், அதாவது அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் கொட்டிவிடுகிறது. அதுவும் சில நாட்களிலேயே கொட்டிவிடுகிறது. ஆகவே வருகிற அன்று பிடித்து வைத்தால்தான் உண்டு.

இவ்வளவு கணக்குத் தெரிந்தவர் வீட்டில் என்ன செய்தார் என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். நாம் செய்தது வெட்கப்பட வேண்டிய காரியம். அதை இதுவரை எழுதியதில்லை.

2003-ஆம் வருஷம் தமிழ்நாட்டு சர்க்கார் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தார்கள். வீடானாலும் கடையானாலும் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். அதை அவ்வாண்டு ஆகஸ்டு மாத முடிவுக்குள் செய்துவிட வேண்டும் என்று ஆரம்பத்தில் கெடு வைத்தார்கள். அப்பொழுது நாம் உத்தியோகத்துக்குப் புதிது. தகப்பனார் படுத்த படுக்கையாக இல்லாவிட்டாலும் சாய்வு நாற்காலியை விட்டு அதிகம் எழுந்திருக்க முடியாத நிலையில் இருந்தார். "மேஸ்திரியைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று, ஒழுங்காகச் செய்" என்று நம்மிடம் சொன்னார்.

மேஸ்திரி வந்தார். இரண்டு விலை சொன்னார். குழி தோண்டி, கல்லும் மணலும் நிரப்பி, கிணற்றுக்கு வழிவிட்டுச் செய்வதானால் ஒரு விலை. "சட்டத்துக்கு மட்டும்" என்றால் வேறு விலை. முதல் விலை நம்முடைய ஒரு மாதச் சம்பளம். இரண்டாவது விலை அதில் ஆறில் ஒரு பங்கு. நாம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். மாடிக் குழாயை இழுத்து, மண்ணுக்குள் ஓர் அடி ஆழத்தில் செருகி, மேலே சிமெண்டு பூசினார். பார்வையிட வந்தவர் குழாய் மண்ணுக்குள் போவதைப் பார்த்தார்; குறித்துக்கொண்டார்; போய்விட்டார்.

அன்று மாலை தகப்பனார், "ஜலம் கீழே இறங்குகிறதா?" என்று கேட்டார்.

"இறங்குகிறது" என்று சொன்னோம்.

முதல் பெருமழையிலேயே குழாய் எதிர்த்துக்கொண்டது. ஜலம் போக வழியில்லாமல் மாடியில் தேங்கிற்று. தளம் ஒழுகிவிடுமே என்று பயந்து, தரைக்கு ஓர் அடி மேலே குழாயில் நம் கையாலேயே ஒரு துவாரம் போட்டோம். ஜலம் சந்தோஷமாகத் தெருவுக்கு ஓடிற்று. இரண்டு வருஷத்துக்கெல்லாம் தகப்பனார் காலமானார். அந்தத் துவாரம் மட்டும் பதினாறு வருஷம் அப்படியே இருந்தது.

2019 ஜூன் மாதத்தில் நம் வீட்டுக் கிணறு வற்றிற்று. இருபத்தெட்டு அடிக் கிணறு. தாயார் 1974-இல் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதில்தான் ஜலம் இறைத்தவர். மோட்டார் போட்ட பிறகும் காலையில் ஒரு வாளி கையால் இறைத்து, துளசிக்கு ஊற்றிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார். அன்று காலை வாளி அடித்தரையில் போய் மோதிய சத்தம் வீடு முழுவதும் கேட்டது. தாயார் கயிற்றைச் சுருட்டி ராட்டினத்தின்மேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டார்.

அதே வாரம் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு நீர்ச் சுழற்சி பாடம். கடல், ஆவி, மேகம், மழை என்று கரும்பலகையில் படம் போட்டு, மழையிலிருந்து மண்ணுக்குள் ஓர் அம்புக்குறியும் போட்டோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், எங்க தெருவிலே முழுக்க சிமெண்டு ரோடு, வாசலெல்லாம் டைல்ஸ். இந்த அம்பு எங்கே சார் உள்ளே போகும்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பையன் நம் வீட்டுக் குழாயைப் பார்த்துவிட்டு வந்துதான் கேட்கிறானோ என்று ஒரு கணம் தோன்றிற்று.

ஆடி மாதத்தில் ஆள் வைத்துத் தோண்டினோம். குழாயின் முனையில் ஒரு கூடை மண்ணும், தென்னை வேரும், ஒரு தேரையும் இருந்தன. பதினாறு வருஷத்தில் அந்தச் சட்டத்தினால் எங்கள் வீட்டில் பலன் அடைந்த ஜீவன் அது ஒன்றுதான்.

அன்று இரவு தாயாரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவருக்கு அப்பொழுதே தெரியும்டா. நீ குழாயிலே ஓட்டை போட்ட சத்தம் அவர் காதிலே விழாமலா இருக்கும்? 'பையனிடம் இப்பொழுது பணமில்லை, அடுத்த வருஷம் தானே சரியாகச் செய்துவிடுவான்' என்றார்" என்றார்.

அந்த அடுத்த வருஷம் 2019-இல்தான் வந்தது. என்ன செய்தோம் என்பதை வரிசையாகச் சொல்லுகிறோம். வாசகர்களுக்கு நம் வருத்தத்தைவிட அது அதிகம் பிரயோஜனப்படும்.

முதலாவது, மாடி. மழை வரும் காலத்துக்கு முன்பு மாடியைப் பெருக்கிக் கழுவ வேண்டும். சருகு, புறா எச்சம், உடைந்த தொட்டி, பழைய பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். குழாயின் வாயில் கம்பி வலை வைக்க வேண்டும். இதற்குச் செலவு ஒரு துடைப்பம்.

இரண்டாவது, முதல் மழையைக் கழிப்பது. புழுதியும் எச்சமும் முதல் பத்துப் பதினைந்து நிமிஷ மழையோடு வந்துவிடும். நம் வீட்டில் இறங்கு குழாயோடு, எட்டடி நீளமும் நாலங்குல விட்டமும் உள்ள ஒரு குழாயைத் தனியாக நிறுத்தி, அதன் அடியில் மூடி போட்டிருக்கிறோம். நாலங்குலக் குழாயில் ஓர் அடிக்கு இரண்டரை லிட்டர் பிடிக்கும். எட்டடிக்கு 20 லிட்டர். அழுக்கு ஜலம் முதலில் வந்து இந்தக் குழாயை நிரப்பிவிடுகிறது. அது நிரம்பிய பிறகு வருகிற தெளிந்த ஜலம் மேலோடு தொட்டிக்குப் போகிறது. மழை விட்டதும் அடி மூடியைத் திறந்து அழுக்கை வாழைக்கு விட்டுவிடலாம். மறந்தால் அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குப் போய்விடும்.

மூன்றாவது, வடிகட்டி. ஒரு பழைய 200 லிட்டர் டிரம் போதும். அடியில் பெரிய கூழாங்கல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் அடுப்புக் கரி, எல்லாவற்றுக்கும் மேலே பருமணல். அடுக்குக்கு அடுக்கு நைலான் வலை விரித்தால் ஒன்றோடொன்று கலக்காது. வருஷத்துக்கு ஒரு முறை மணலை அலசிக் காயவைக்க வேண்டும்.

நான்காவது, ஜலம் போய்ச் சேரும் இடம். நம் மாடியிலிருந்து இரண்டு குழாய்கள் இறங்குகின்றன. ஒன்றை வடிகட்டி வழியாகக் கிணற்றிலேயே விட்டோம். மற்றொன்றை 2,000 லிட்டர் தொட்டிக்குத் திருப்பினோம். தொட்டி நிரம்பி வழிவதை வீணாக்காமல், வாசலோரம் புதிதாக வெட்டிய உறைக்கிணற்றுக்கு விட்டோம். மூன்றடி அகலம், பதினைந்தடி ஆழம். சிமெண்டு உறைகள் இறக்கி, மேலே கனமான மூடி. எங்கள் மனையில் மேலே பத்தடிக்குக் களிமண், கீழே மணல். இப்படிப்பட்ட இடத்தில் மூன்றடிக் குழி வெட்டினால் அதில் ஜலம் தேங்கி நிற்குமே தவிர இறங்காது. களிமண்ணைத் தாண்டி மணலைத் தொட வேண்டும். கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான இடங்களில் இவ்வளவு ஆழம் வேண்டியதில்லை. ஒரு மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குழியில் செங்கல் ஜல்லியும் கூழாங்கல்லும் நிரப்பி, மேலே மணல் பரப்பினாலே போதும். ஆகவே முதலில் மண்ணைக் கேட்டுவிட்டுப் பிறகு மேஸ்திரியைக் கேட்கவும்.

ஐந்தாவது, வாசல். மாடிக்கு அடுத்தபடி வீட்டைச் சுற்றியுள்ள தளத்திலிருந்து ஏராளமான ஜலம் தெருவுக்கு ஓடுகிறது. வாசற்கதவுக்கு உட்புறம் குறுக்கே ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, கம்பிச் சட்டம் போட்டு மூடி, அதை உறைக்கிணற்றோடு சேர்த்தோம். வழியில் ஒரு சிறு வண்டல் தொட்டி. சேறு அதில் தங்கிவிடும். இந்த ஜலத்தைக் குடிக்கும் கிணற்றில் நேராக விடலாகாது. மோட்டார் வண்டி நிற்கும் இடமானால் எண்ணெய்க் கசிவு சேரும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குளியலறை, கழிவறை ஜலத்துக்கும் இதற்கும் எந்தவிதச் சம்பந்தமும் கூடாது. செப்டிக் டாங்கிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வெட்ட முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி வெட்ட வேண்டும்.

ஆறாவது, கொசு. டெங்கு ஜுரத்தைப் பரப்பும் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் ஆசையாகச் சேர்த்து வைத்த தெளிந்த ஜலத்தைத்தான் தேடி வருகிறது. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே தொட்டிக்கு இறுக்கமான மூடி, காற்றுக்குழாய்க்கு வலை, கிணற்றுக்கு வலை, திறந்த பாத்திரத்தை வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்ப்பது எல்லாம் கட்டாயம். தொட்டிக்குள் வெளிச்சம் புகாவிட்டால் பாசியும் பிடிக்காது.

குடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடிகட்டிய மழைநீர் சமையலுக்கும் துவைப்பதற்கும் மிக உயர்ந்தது. உப்பில்லாத ஜலமாகையால் பருப்பு சீக்கிரம் வேகும். சோப்பு நன்றாக நுரைக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்புப் படியாது. ஆனால் குடிப்பதற்கு முன்பு காய்ச்சுவது அவசியம். பறவைக்கு நம் மாடி ஒரு தங்குமிடம் என்பதை மறக்கலாகாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து இறங்கும் ஜலத்தைக் குடிக்கவோ சமைக்கவோ வைத்துக்கொள்ள வேண்டாம்.

இவையெல்லாம் புதிய வித்தை என்று நாம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, தாயார் சிரித்தார். அவர் பிறந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவும் நடு முற்றத்தை நோக்கியே இறங்கும். முதல் மழை புழுதியைக் கழுவிப் போகும் வரையில் பொறுத்திருந்து, பிறகு முற்றத்து மூலைகளில் அண்டாவும் தவலையும் வைத்து, வாயில் வெள்ளைத் துணி கட்டி ஜலம் பிடிப்பார்கள். ஊரின் மழை ஊருணிக்குப் போகும். குடிக்கும் ஊருணியில் ஒருவரும் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. அந்த ஊரிலே பெரிய ஆறு கிடையாது. அதனால் மழையை எப்படி மதிப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "நீ குழாயும் டிரம்மும் வைத்துச் செய்ததை நாங்கள் துணியும் தவலையும் வைத்துச் செய்தோம், அவ்வளவுதான்" என்றார்.

சென்னைக்கும் இது தெரியாத வித்தை அல்ல. நுங்கம்பாக்கத்தில் இன்றும் 'லேக் ஏரியா' என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. அங்கே ஏரி எங்கே என்று தேட வேண்டாம். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் பக்கமாக நீண்டு கிடந்த பெரிய ஏரியில், 1920-களில் மாம்பலம் பகுதியை வடித்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஏரி செய்த வேலையை அங்கே குடியிருப்பவர்களின் மாடிகளும் மனைகளும்தான் இனிச் செய்தாக வேண்டும்.

இனி, சகோதரி கேட்ட தோட்டத்துக்கு வருவோம். தோட்டத்தில் மழையைச் சேர்ப்பதற்குத் தொட்டிகூட வேண்டியதில்லை. மண்ணே தொட்டி. நம்மில் பலர் நடைபாதையைவிடப் பாத்தியை உயர்த்தி, சுற்றிலும் செங்கல் கட்டி அழகு பார்க்கிறோம். பெய்கிற மழை பாத்தியிலிருந்து நடைபாதைக்கும் நடைபாதையிலிருந்து தெருவுக்கும் ஓடிவிடுகிறது. பாத்தி நடைபாதையைவிட நாலு விரற்கடை தாழ்ந்திருந்தால் மழை தானாகவே அதில் வந்து நிற்கும். சருகைக் கூட்டிக் கொளுத்துவதை விட்டு, செடியின் அடியில் இரண்டு அங்குலம் பரப்பினால் வெயிலில் ஈரம் ஓடாது. தென்னைக்கு அடிமரத்திலிருந்து ஆறடி தள்ளி வட்டமாக வாய்க்கால் வெட்டி, தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலாக அடுக்கி மண்ணைத் தள்ளிவிட்டால், மட்டை பஞ்சுபோல் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் வேருக்குக் கொடுக்கும். பப்பாளிக்கும் கறிவேப்பிலைக்கும் மட்டும் அடியில் ஜலம் தேங்கலாகாது. அவற்றைச் சிறு மேட்டில் வைத்துச் சரிவில் பாத்தி கட்டவும். உப்பு ஜலம் ஊற்றி இலை ஓரம் கருகின மல்லிகைக்கு மழைத் தொட்டி ஜலத்தை ஊற்றிப் பார்த்தோம். புதிதாக வந்த இலைகளில் கருகல் இல்லை.

வாடகை வீட்டிலோ அடுக்கு மாடியிலோ இருப்பவர்கள், "எங்களுக்கு மாடியும் இல்லை, மண்ணும் இல்லை" என்று ஒதுங்க வேண்டாம். அடுக்கு மாடியின் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. அதன் மழையும் பொது. அங்கே வேண்டியது மேஸ்திரி அல்ல. சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்கக்கூடிய ஒருவர். "நம் கட்டடத்தில் குழாய் எங்கே போகிறது?" என்று கேட்டால் போதும். பெரும்பாலும் ஒருவருக்கும் தெரிந்திராது. அங்கிருந்து காரியம் ஆரம்பமாகும்.

நம் வீட்டில் நடந்ததையும் சொல்லி முடிக்கிறோம். 2019 ஐப்பசியில் மழை தொடங்கிற்று. மார்கழியில் கிணற்றில் கயிறு விட்டு அளந்தோம், பதினோரடி ஜலம். இவ்வளவும் நம் மாடி ஜலம் என்று நாம் மார் தட்டிக்கொள்ள மாட்டோம். ஊர் முழுவதும் பெய்த மழைதான் ஊற்றுக்கு உயிர் கொடுத்தது. நாம் செய்தது ஒரு கைப்பிடி. எனினும் மனத்துக்கு நிறைவாக இருந்தது.

ஆனால் பங்குனியில் மட்டம் மடமடவென்று இறங்கிற்று. பக்கத்து வீட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டு, இரவும் பகலும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வீட்டு மாடி ஜலமோ பழையபடி தெருவுக்கே போய்க்கொண்டிருந்தது. நமக்குக் கோபம் வந்தது. "நாம் செலவு செய்து இறக்குகிறோம், அவர் சௌகரியமாக இறைக்கிறார்" என்று தாயாரிடம் முறையிட்டோம்.

"ஏண்டா, பூமிக்கு அடியிலே போன ஜலத்துக்குப் பத்திரம் பதிவு செய்து வைத்திருக்கிறாயா?" என்று தாயார் கேட்டார். "நீ பதினாறு வருஷம் ஒரு சொட்டு விடாமல் தெருவுக்கு விட்டுக்கொண்டு, இந்தக் கிணற்றிலே இறைத்தாயே, அது யார் இறக்கின ஜலம்?"

இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. இந்த விஷயத்தில் நாம் கற்றுக்கொண்ட பாடம் இது ஒன்றுதான். மதில் சுவர் தரைக்கு மேலேதான் இருக்கிறது. தரைக்குக் கீழே தெருவே ஒரு கிணறு. ஒருவன் மட்டும் இறக்கினால் பலருக்குப் போய்விடும். பலரும் இறக்கினால் எல்லாருக்கும் நிற்கும். "எனக்கு என்ன லாபம்?" என்று ஒவ்வொருவரும் கணக்குப் பார்த்ததனால்தான், சட்டம் போட்டும் பல வீடுகளில் எங்கள் வீட்டுத் தேரைக்கு மட்டும் பலன் கிடைத்தது.

மறுநாள் தாயார் மழைத் தொட்டி ஜலத்தில் பருப்பு வேக வைத்து, ஒரு கிண்ணம் சாம்பாரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். ஜலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியும் ருசியைப் பற்றி விசாரிக்க வந்தார், தொட்டியைப் பார்த்தார், வடிகட்டியைத் திறந்து பார்த்தார். ஆடிக்குள் அந்த வீட்டிலும் உறைக்கிணறு இறங்கிற்று. எங்கள் தெருவில் 22 வீடுகள். இப்பொழுது ஒன்பது வீடுகளில் குழாய் உண்மையாகவே மண்ணுக்குள் போகிறது. பாக்கி பதின்மூன்று வீடுகளுக்கு இன்னும் எத்தனை கிண்ணம் சாம்பார் வேண்டுமோ, தெரியாது. தாயாருக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் தளர்ந்துவிடவில்லை.

ஆவணி மாதம் நடக்கிறது. பெருமழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுமுன், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போங்கள். இரண்டு குடம் ஜலத்தைக் குழாயின் வாயில் ஊற்றச் சொல்லுங்கள். நீங்கள் கீழே நின்று, அது எங்கே வந்து சேர்கிறது என்று பாருங்கள். தெருவுக்கு வந்தால் மேஸ்திரிக்குச் சொல்லியனுப்புங்கள். அவர் இரண்டு விலை சொல்லுவார். முதல் விலையையே கொடுங்கள்.